அமலோற்பவம் அக்கா தலையாட்டிய வழக்கு

எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வரும் கட்சிக்காரர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் வாயைத் திறந்தால் மூடாது. இன்னொரு ரகம் வாயைத் திறக்கவே திறக்காது. வெண்ணாற்றங்கரையிலிருந்து வந்த பெரியநாயகசாமி அண்ணன் இந்த இரண்டிலும் சேராதவர். பேசுவார். ஆனால் பேசுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் மனைவியை ஒரு பார்வை பார்ப்பார். அந்த அம்மா லேசாகத் தலையை ஆட்டுவார். அப்புறம்தான் இவர் வாயிலிருந்து வார்த்தை வரும்.

நான் ஈஸ்வரி. தஞ்சாவூரில் லியோ வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். வழக்குக் கட்டுகளைத் தேடி எடுப்பது, வாய்தா தேதி குறிப்பது, கட்சிக்காரர்களைக் கடிந்துகொள்வது எல்லாம் என் வேலை. கடைசியாகச் சொன்னது யாரும் கொடுத்த வேலையில்லை, நானாக எடுத்துக்கொண்டது. அவர்கள் வந்த முதல் நாள், "காபியா, டீயாண்ணே?" என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார். "டீ" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏண்ணே, டீ குடிக்கக்கூட உத்தரவு வாங்கணுமா?"

அதற்கும் அவர் மனைவியைத்தான் பார்த்தார். ஆபீசில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். மனைவி மட்டும் சிரிக்காமல், "எனக்குக் காபிங்க" என்றார்.

மனைவி பெயர் அமலோற்பவம். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பார்வை எங்கே ஆரம்பித்தது என்பதை அக்காவே ஒருநாள் சொன்னார். மாதா கோயிலில் திருமணப் பூசை. சாமியார் மாப்பிள்ளையைப் பார்த்து, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கிறார். மாப்பிள்ளை பதில் சொல்லாமல் பெண்ணின் பக்கம் திரும்புகிறார். கோயில் முழுக்கச் சிரிப்பு. சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேறு வழி தெரியாமல் தலையை ஆட்டியிருக்கிறார். உடனே மாப்பிள்ளை "சம்மதம்" என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஆட்ட ஆரம்பித்த தலை.

"நீங்க சொல்லிக்கொடுக்கறததான் அவரு சொல்றாருன்னு ஊர்ல பேச மாட்டாங்களாக்கா?"

"பேசுவாங்க. நான் எங்க சொல்லிக்கொடுத்தேன்? சொல்லுங்கன்னு ஆட்டுவேன். என்ன சொல்லுவாருன்னு எனக்கே தெரியாது. சில நேரம், ஏன்டா ஆட்டினோம்னு இருக்கும்."

அவர்கள் வந்தது ஒரு வாய்க்கால் விவகாரத்துக்காக. அவர்களுக்கு ஏழு மா நஞ்சை, இரண்டேகால் ஏக்கர் போல. வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் பக்கத்து நிலத்தின் கிழக்கு வரப்பை ஒட்டி வருகிறது. பக்கத்து நிலம் முன்பு பட்டாபிராமன் ஐயருடையது. பெரியநாயகசாமியின் அப்பாவும் ஐயரும் அந்தக் காலத்தில் வாய்ப்பேச்சாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஐயர் நிலத்தில் வாய்க்கால் போகலாம். பதிலுக்கு இவர்கள் நிலத்தின் மூலையில் ஒரு துண்டை ஐயர் களத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கயிறு பிடித்து அளந்தபோது ஒரு முனையைப் பிடித்தவர் பெரியநாயகசாமி. எழுத்தில் ஒன்றுமில்லை. ஐயரும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். ஐயரின் மகன் ரகுராமன் சென்னையிலிருந்துகொண்டே நிலத்தைப் புகழேந்தி என்பவருக்கு விற்றார். புகழேந்தி மனை போடுவதற்காக மண்ணடித்தார். வாய்க்காலும் மண்ணுக்குள் போயிற்று.

வாய்க்கால் இல்லையென்றால் அந்த ஏழு மாவில் புல்தான் முளைக்கும். அதையும் புகழேந்தியிடமே வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். புகழேந்தி எதிர்பார்த்ததும் அதைத்தான். எனவே சிவில் கோர்ட்டில் தாவா போட்டோம். வாய்க்கால் எங்கள் பாத்தியம், எங்களுக்கு உரிமை உண்டு, மண்ணை எடுத்துத் திறந்துவிட வேண்டும் என்று. அதற்கு இருந்த ஒரே சாட்சி, கயிற்றின் முனையைப் பிடித்த அந்த மனிதர்தான்.

தாவாவுக்கு நம்பர் விழுந்து, வாய்தா மேல் வாய்தா ஓடி, சாட்சி விசாரணைக்கு வரும் நேரத்தில் அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். படுக்கையிலிருந்து கோர்ட்டுக்கு வர முடியாது. லியோ சார் மனுப் போட்டு, வீட்டிலேயே சாட்சியத்தைப் பதிவு செய்ய கோர்ட்டிலிருந்து ஒரு கமிஷனரை நியமிக்க வைத்தார். வித்யாலக்ஷ்மி என்ற இளம் வக்கீல். கெட்டிக்காரப் பெண்.

லியோ சார் அத்தோடு விடவில்லை. வீடியோவும் எடுக்க வேண்டும் என்று கேட்டார். காரணம் உண்டு. எங்கள் கோர்ட்டுகளில் சாட்சி பேசுவது ஒரு தமிழ், தட்டச்சில் ஏறுவது இன்னொரு தமிழ். வக்கீல் கேட்ட கேள்வியையும் சாட்சி சொன்ன பதிலையும் பிசைந்து ஒரே உருண்டையாகச் சாட்சி வாயில் வைத்துவிடுவார்கள். "அப்படி ஒரு ஏற்பாடே இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்று எந்தச் சம்சாரி பேசுவான்? பெரியநாயகசாமி சொல்லியிருப்பது "அட போங்க சார்" என்பதாக இருக்கும். "காகிதத்துல மூச்சு வாங்கறது தெரியாது ஈஸ்வரி. தீர்ப்பு எழுதற ஜட்ஜ் அந்த மனுஷனப் பாக்கணும்" என்றார் லியோ சார். அந்த வீடியோதான் பிறகு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

சாட்சியம் பதிவு செய்த அன்றைக்கு நான் போகவில்லை. நடந்ததெல்லாம் பிறகு கேட்டதும் பார்த்ததும். கல்யாணம், காதுகுத்து எடுக்கிற வீடியோக்காரரைத்தான் அழைத்துப் போயிருந்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் நோயாளியைப் பார்த்து, "கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருங்கய்யா" என்றாராம். வீட்டுக்காரர்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது என்று கமிஷனர் சொன்னார். எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். அமலோற்பவம் அக்கா அடுப்படிக்குப் போனார். அந்த வீட்டில் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவு கிடையாது. ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். கட்டில் திரையைப் பார்த்தபடி கிடந்தது. இரண்டு வக்கீல்களும் கமிஷனரும் கேமராவும் கட்டிலைப் பார்த்தபடி, திரைக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தார்கள்.

முதல் கேள்வி. அவர் கண்ணைத் தூக்கினார். அக்கா திரையை ஓரமாக விலக்கிக்கொண்டு நின்றார். தலையாட்டினார். அவர் பேசினார். அடுத்த கேள்வி, மறுபடி பார்வை, மறுபடி தலை. மூச்சுக்குத் தவிக்கிறார் என்று அறையில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவே இல்லை. கல்யாண நாளிலிருந்து செய்து வந்ததைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

சம்பா நாற்று விடுகிற சமயத்தில் அவர் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு நானும் லியோ சாரும் போயிருந்தோம். அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். மாட்டை மாற்றிக் கட்டச் சொன்னார். கல்லறையில் மண் போடும்போது எல்லாரையும் போல ஒரு பிடி போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "மனசு கல்லுதான்" என்று பின்னால் ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பி முறைத்தேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. இப்படிப்பட்ட புருஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று.

பிறகு இறந்தவருக்குப் பதிலாக அக்காவையும் மகள் சான்ட்ராவையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. சான்ட்ரா மஸ்கட்டில் நர்ஸ். கையெழுத்துகளுக்காக அக்கா அடிக்கடி ஆபீசுக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருப்பார். ஃபேன் ஓடாவிட்டாலும் சொல்ல மாட்டார். நான் காபி கொடுத்தால் குடிப்பார். ஒருநாள் சர்க்கரை போட மறந்துவிட்டேன். நான் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினேன். அவர் முழுவதையும் குடித்து முடித்திருந்தார்.

"என்னக்கா, சொல்லக் கூடாதா?"

"தெரியல ஈஸ்வரி" என்றார். "மரத்துப்போச்சு. கால்ல முள்ளு குத்தினாத் தெரியுது. மத்தது ஒண்ணும் தெரியல. அழணும்னு உக்காந்து பாத்தேன். வரல. எழுந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்."

அதை அவர் ரேஷன் கடையில் என்ன போட்டார்கள் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வழக்கு மறுபடி நகர்ந்தது. புகழேந்தியின் வக்கீல் பழுத்த அனுபவசாலி. வீடியோவின் நகலை வாங்கிப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார். அடுத்த வாய்தாவில் எழுந்து, "சாட்சி ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால கேமராவுக்கு மேல யாரையோ பாக்கறார். யாரோ நின்னு சொல்லிக்கொடுத்திருக்காங்க. அந்த அம்மாவக் கூண்டுல ஏத்தி, வீடியோவப் போட்டுக் கேட்கணும்" என்றார். ஜட்ஜ் அம்மா அனுமதித்துவிட்டார்.

லியோ சார் ஆபீசுக்கு வந்து வீடியோவை ஓடவிட்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். பார்த்த முதல் நிமிஷத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியாதா என்ன? டீ கேட்ட நாளில் பார்த்த அதே பார்வை.

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்கிறார்: வருஷா வருஷம் வாய்க்காலைத் தூர்வாரும்போது ஐயர் வீட்டில் அனுமதி வாங்கித்தானே செய்தீர்கள்? அனுமதி வாங்கினோம் என்றால் பாத்தியம் கிடையாது, அவர்கள் தயவில் ஓடிய தண்ணீர் என்று ஆகிவிடும். வழக்கின் உயிரே அந்தக் கேள்விதான். அந்த ஒரு கேள்விக்குப் பெரியநாயகசாமி பதில் சொல்லவில்லை. கண்ணைத் தூக்கினார், பார்த்தார், பேசாமல் இருந்தார். கமிஷனர் மறுபடி கேட்டும் பேசவில்லை. "சாட்சி பதில் கூறவில்லை" என்று தட்டச்சில் ஏறிவிட்டது. மடியில் கனம் இருந்ததால் வாயை மூடிக்கொண்டார் என்று எதிர்த்தரப்பு சொல்லப்போகிறது.

அக்காவைக் கூப்பிட்டு லியோ சார் கேட்டார். அக்கா ஒளிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்றதைச் சொன்னார். "நடுவுல ஒரு தடவ அடுப்புல கஞ்சி பொங்கிடுச்சு. இறக்கி வெக்கப் போனேன்" என்றார்.

லியோ சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் கவலை எனக்குப் புரிந்தது. பதில் வராததற்குக் காரணம் சொல்ல வேண்டுமென்றால், மற்ற பதில்களுக்கெல்லாம் அக்கா அங்கே நின்று தலையாட்டினார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், எல்லாமே சொல்லிக்கொடுத்த சாட்சியம் என்று தூக்கிப் போட்டுவிடலாம். அங்கே இல்லவே இல்லை என்றால், அந்த ஒரு கேள்வி அப்படியே கழுத்துக்குக் கத்தியாக நிற்கும். எந்தப் பக்கம் போனாலும் அடி.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. நடந்ததச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் பொய் சொல்லச் சொல்கிற வக்கீல் இல்லை. வீடியோவை ஒருதரம் பார்த்துவிடுகிறீர்களா என்றும் கேட்டார். "வேணாம் சார்" என்றார் அக்கா.

சான்ட்ராவுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆபீசில் இருக்கும்போதே போனில் வந்தாள். அக்காவுக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாது. எனக்கும் கேட்டது.

"அம்மா, கொல்லைல இருந்தேன்னு சொல்லிடு. அப்பா மேல பாத்துக்கிட்டிருந்தார், மூச்சு முட்டுச்சுன்னு சொல்லு. யாரு பாத்தா?"

"அவரு பாத்தாருல்ல" என்றார் அக்கா.

"அம்மா! நிலம் போயிட்டா நீ அங்க தனியா என்ன பண்ணுவ? இங்க வந்து என்கூட இருக்கவும் மாட்டேங்கற."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார், அணைத்துத் தரச் சொல்லி. முகத்தில் ஒன்றும் இல்லை. நிலம் போய்விடுமே என்ற பயம்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பேர் இவருக்காக அல்லாடுகிறோம், இவர் யார் வீட்டுக் கதையோ என்று உட்கார்ந்திருக்கிறாரே என்று இருந்தது.

விசாரணை நாள். டவாலி பெயரைக் கூப்பிட்டார். அக்கா கூண்டில் ஏறி நின்றார். வெளுத்த புடவை, கழுத்தில் செபமாலை. எதிர்ச் சுவரில் டிவி மாட்டியிருந்தது. ஜட்ஜ் அம்மாவுக்கும் தெரியும், கூண்டுக்கும் நேராகத் தெரியும். நான் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் வீடியோவைப் போடச் சொன்னார். டிவியில் பெரியநாயகசாமி வந்தார். பனியனும் போர்வையுமாக, கன்னம் ஒட்டிப்போய். கமிஷனரின் குரல் பெயரைக் கேட்டது. அவர் கண்ணைத் தூக்கினார்.

கூண்டில் அக்கா தலையாட்டினார்.

டிவியில் அவர், "பெரியநாயகசாமி. தகப்பனார் பேரு அருளப்பன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த கேள்வி, கயிறு பிடித்து அளந்ததைப் பற்றி. அவர் பார்த்தார். அக்கா தலையாட்டினார். அவர் சொன்னார், நிதானமாக, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு: கயிற்றின் ஒரு முனை தன் கையில், மறுமுனை ஐயரின் காரியஸ்தர் கையில், வரப்பில் நண்டு வளை இருந்ததால் காலை மாற்றி வைத்தது, ஐயர் குடையை ஊன்றிக்கொண்டு சரி என்று சொன்னது. மூன்றாவது கேள்விக்கும் அக்கா தலையாட்டியபோது எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்துவிட்டார். வீடியோவை நிறுத்தச் சொன்னார்.

"அம்மா, சாட்சி கூண்டுல நின்னுக்கிட்டே தலையாட்டறாங்க. இதக் குறிச்சுக்கணும்."

ஜட்ஜ் அம்மா அக்காவைப் பார்த்தார். "ஏம்மா தலையாட்டறீங்க?"

"அவரு பாக்கறாருங்க" என்றார் அக்கா.

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் அம்மா சிரிக்கவில்லை. "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொல்லையில் என்று சொல்லிவிடக் கூடாதா என்று ஒரு கணம் எனக்கே ஆசையாக இருந்தது.

"அடுப்படி வாசல்ல, திரைக்குப் பக்கத்துல நின்னேங்க."

"தலையாட்டினீங்களா?"

"ஆட்டினேங்க."

"எதுக்கு?"

"ஆட்டலேன்னா அவரு பேச மாட்டாருங்க. எப்பவுமே அப்படித்தான்."

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? புகழேந்தி முன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். லியோ சார் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அனுபவசாலி என்றாலும் ஆசை யாரை விட்டது? "பதில் சொல்லாம விட்ட கேள்வியையும் பாத்துடுவோம்" என்று அந்த இடத்தைப் போடச் சொன்னார்.

டிவியில் அவருடைய குரலே கேட்டது: அனுமதி வாங்கித்தானே தூர்வாரினீர்கள்?

டிவியில் அவர் கண்ணைத் தூக்கினார். கூண்டில் அக்கா தலையாட்டினார். அவர் பேசவில்லை.

அவர் கண் அந்த இடத்தில் எதையோ தேடியது. கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம். அக்கா மறுபடி தலையாட்டினார், இந்த முறை பலமாக. அவர் பேசவில்லை. கமிஷனரின் குரல் மறுபடி கேட்டது. "அய்யா, கேள்வி புரிஞ்சுதா?" அவர் தலையணையிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி அதே இடத்தைப் பார்த்தார். அக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"சொல்லுங்க" என்றார்.

டிவியில் வித்யாலக்ஷ்மியின் குரல், "பதில் சொல்லலைன்னு போட்டுக்குங்க" என்றது.

"கொஞ்சம் இருங்கம்மா, சொல்லுவாரு" என்றார் அக்கா, டிவியைப் பார்த்து.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. டிவி தன்பாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போனது. யாரும் சொல்லாமலே பெஞ்சு கிளார்க் அதை நிறுத்தினார்.

ஜட்ஜ் அம்மா அக்காவின் பக்கம் திரும்பிக் கேட்டார். "இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் ஏன் பதில் சொல்லல?"

"நான் அங்க இல்லீங்க. கஞ்சி பொங்கிடுச்சு. இறக்கப் போயிட்டேன்."

"இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

லியோ சார் நிமிர்ந்தார். இது ஒரு வாய்ப்பு. அனுமதியெல்லாம் வாங்கவில்லை, எங்கள் வாய்க்கால், நாங்கள் வாரினோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது சட்டப்படி செல்லுமோ செல்லாதோ, ஜட்ஜ் காதில் விழுந்துவிடும்.

அக்கா யோசித்தார். "எனக்கு எப்படிங்க தெரியும்? அவரு சொன்னாத்தாங்க தெரியும்" என்றார்.

தட்டச்சான சாட்சியத்தைப் படித்துக் காட்டினார்கள். சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீடியோ காட்டப்பட்டபோது சாட்சி தலையசைத்தார் என்று ஒரு வரி. டிவியோடு பேசியது இல்லை.

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு ரகுராமனை விசாரித்தது. அவர் சென்னையிலிருந்து வீடியோ கான்ஃபரன்சில் வந்தார். நல்ல வெளிச்சம், பின்னால் புத்தக அலமாரி, இஸ்திரி போட்ட சட்டை. உயிரோடு, நேரலையில், எல்லார் கண் முன்னாலும். கேட்டதற்கெல்லாம் மரியாதையாக, "எனக்கு ஞாபகமில்லை, நான் காலேஜ் போயிட்டேன்" என்றார். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு நிஜமாகவே ஒன்றும் ஞாபகமில்லை. செத்துப்போனவருக்கு வரப்பில் இருந்த நண்டு வளைவரைக்கும் ஞாபகம் இருந்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நானே எதிர்பார்க்கவில்லை. தீர்ப்பில் இருந்த காரணம் இதுதான்: தலையாட்டல் எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. அதிலிருந்து ஒரு மனிதர் பெயரையோ, கயிற்றையோ, குடையையோ தெரிந்துகொண்டு சொல்லியிருக்க முடியாது. மனைவி பேசச் சொன்னாரே ஒழிய என்ன பேச வேண்டும் என்று சொல்லவில்லை. கூண்டில் நின்று தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்க்க வாய்ப்பு வந்தபோதும் அவர் சேர்க்கவில்லை. அவர் இல்லாத நேரத்தில் சாட்சி பேசாமல் இருந்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தார் ஜட்ஜ் அம்மா. காகிதம் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கேள்வியில் நாங்கள் கவிழ்ந்திருப்போம். வீடியோ மட்டும் இருந்திருந்தாலும் கவிழ்ந்திருப்போம். கூண்டில் நின்று அக்கா தலையாட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த அம்மாவுக்கு விஷயம் பிடிபட்டிருக்கிறது. புகழேந்தி அப்பீல் போவேன் என்கிறார். போகட்டும், பார்த்துக்கொள்வோம்.

பொக்லைன் வைத்து மண்ணை எடுத்தார்கள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தபோது வாய்க்காலிலும் வந்தது. அதைச் சொல்ல அக்கா ஆபீசுக்கு வந்தார்.

"தண்ணி வந்துடுச்சு" என்றார், பஸ் வந்துவிட்டது என்பதுபோல.

லியோ சாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எனக்கும்தான். நான் காபி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரையைச் சரிபார்த்து. குடித்தார். கிளம்புவார் என்று பார்த்தால் பெஞ்சிலேயே இருந்தார். சார் உள்ளே போனதும் பையிலிருந்து போனை எடுத்தார். சான்ட்ரா கொடுத்த பழைய போன்.

"ஈஸ்வரி, அந்த வீடியோவ இதுல போட்டுத் தர முடியுமா?"

"முழுசும் போடறேன்க்கா. அதுக்கென்ன?"

"முழுசும் வேணாம். நான் இல்லாத இடம் மட்டும் போதும்."

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணன் பதில் சொல்லாத அந்த ஒரு கேள்வியா என்று கேட்டேன். அதுதான் என்றார். மற்றதில் எல்லாம் அக்கா அங்கே இருந்தாராம், அப்போதே பார்த்துவிட்டாராம். இது ஒன்றைத்தான் பார்க்கவில்லை. கோர்ட்டில் பார்த்தது அவசரத்தில் பார்த்தது.

கம்ப்யூட்டரில் அந்தத் துண்டை வெட்டிப் போனில் ஏற்றினேன். எப்படி ஓடவிடுவது என்று காட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டு அழுத்தினார். அதில் அண்ணன் வந்தார். அவர் கண்ணைத் தூக்கினார். அக்கா தலையாட்டினார். அவர் இடதும் வலதுமாகத் தேடினார். துண்டு முடிந்தது. மறுபடி அழுத்தினார்.

"அவரு பேச மாட்டாருக்கா" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

"தெரியும்" என்றார். "அன்னைக்கு அவரு பாத்தப்ப யாரும் இல்ல. இப்ப பாத்தா நான் இருப்பேன்ல."

மறுபடி அழுத்தினார். அவர் பார்த்தார், அக்கா தலையாட்டினார். அதற்குமேல் முகம் தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். வெளியே காத்திருந்த கட்சிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.